நகராட்சியின் வீடியோ அறையில் ஒரு தகப்பன்

1

போன வாரம் எங்கள் ஊர் நகராட்சியில் கேக் வெட்டினார்கள். அமெரிக்க நிறுவனங்களின் வீடியோ அழைப்பையும் செய்திச் செயலியையும் கைவிட்டு, திறமூல மென்பொருளுக்கு மாறி மூன்று வருடம் நிறைந்துவிட்டதாம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்த மென்பொருள் அது. ஜெர்மனியின் வடக்கே அரசு அலுவலகங்கள் பலவற்றில் இப்போது இதே பேச்சுதான். துணை மேயர் பேசினார். "இனி நம் மக்கள் பேசுகிற ஒரு சொல்கூட இந்தக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிற கணினியைத் தாண்டிப் போகாது," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த மென்பொருளை நகராட்சிக்கு நிறுவிக்கொடுத்த சிறிய நிறுவனத்தில்தான் என் மகன் ஜோயல் வேலை செய்கிறான். அவனும் பேசினான். எத்தனையோ மொழிகளில் இது கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு, "தமிழ்ச் சொற்கள் எல்லாம் என் அம்மா போட்டது," என்று என் பக்கம் கை காட்டினான். தமிழ் என்ற சொல்லை அவன் ஜெர்மன்காரர்களைப் போல "டாமில்" என்றுதான் சொல்வான். அது எனக்குப் பழகிவிட்டது.

பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவுப் பெண் தட்டை ஏந்தியபடி என்னிடம் கேட்டாள். "அந்தத் தமிழை யாராவது பயன்படுத்துகிறார்களா?"

"ஒருவருக்காகப் போட்டது," என்றேன். "அவர் இப்போது இல்லை. அதாவது, உயிரோடு இருக்கிறார். இதில் இல்லை."

அவள் தலையாட்டினாள். கேக் நன்றாகவே இருந்தது.

2

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரச் சித்தூர்க்காரி. பழைய மிஷன் சபைக் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து, கணவர் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். தொழில் மொழிபெயர்ப்பு. மருத்துவமனை, நீதிமன்றம், குழந்தைகள் நல அலுவலகம் என்று எங்கே தமிழ் பேசுகிறவர் மாட்டிக்கொண்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். தெலுங்கும் வரும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கூப்பிடுவார்கள். இங்கே எழுதுவதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்ற மனம் வரவில்லை.

பாஸ்கர் எங்கள் சித்தூர்ப் பக்கத்து நகரிக்காரர். அவர் மனைவி செவிலியர் வேலைக்கு இங்கே வந்தார். இவர் கூடவே வந்து ஓர் உணவகச் சமையலறையில் நின்றார். மகள் மீனா இங்கேதான் பிறந்தாள். பிறகு கணவன் மனைவிக்குள் சரிப்படவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, என் வேலையும் அல்ல. பிரிந்த அன்றே இவருடைய விசாவுக்கும் முடிவு வந்துவிட்டது, ஏனென்றால் அது மனைவியைச் சார்ந்த விசா. கடைசிச் சண்டையில் இவர் கோபத்தில், "பொண்ண தூக்கினு நகரிக்குப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு, கடத்தல் மிரட்டலாகக் கோப்பில் ஏறியது. இவர் தனியாக ஊர் திரும்பினார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் சமையலறையில் வேலை கிடைத்தது. மகளை அலுவலர் முன்னிலையில், வீடியோவில் மட்டும் பார்க்கலாம் என்று நீதிமன்றம் அனுமதி தந்தது. அப்போது மீனாவுக்கு நாலு வயது.

பேசுவது அலுவலருக்குப் புரிய வேண்டும் என்பதால் நான். குழந்தைகள் நல அலுவலர் திருமதி லூடர்ஸ் நல்லவர். சந்திப்பு அறையில் செடி வைத்து, மீனாவுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவும் வைத்திருந்தார். தொடக்கத்தில் எல்லாமே அவருடைய அலுவலகக் கைபேசியில் நடந்தது, ஊரே பயன்படுத்துகிற சாதாரணச் செயலியில். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் மாலை அழைப்பு. நடுவில் பாஸ்கர் குரல்செய்தி அனுப்புவார், படம் அனுப்புவார், லூடர்ஸ் அவற்றை மீனாவின் அம்மா கைபேசிக்கு அனுப்பிவிடுவார். மலைப்பாதையில் உட்கார்ந்திருக்கும் குரங்கு, கல்லில் ஊற்றிய முயல் வடிவ தோசை. மீனா அந்தச் சின்னத் திரையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பதில் சொல்வாள். அப்போது அவளுக்குத் தமிழ் இருந்தது. பல நாள் எனக்கு வேலையே இருக்காது.

பிறகு மாற்றம் வந்தது. குழந்தைகளைப் பற்றிய பேச்சு எதுவும் வெளிநாட்டு நிறுவனத்தின் கணினி வழியாகப் போகக் கூடாது என்றார்கள். இனி நகராட்சியின் சொந்த வீடியோ அறையில் மட்டுமே சந்திப்பு. செய்திச் செயலியும் உண்டு, ஆனால் அது அலுவலர்களுக்குள். வெளியாட்களுக்கு அழைப்பின் இணையச் சுட்டி மட்டும் போகும். குரல்செய்தி கிடையாது, படம் கிடையாது.

"மீனாவின் நல்லதுக்குத்தான்," என்றார் லூடர்ஸ். "அந்த நிறுவனங்கள் எதை எங்கே விற்கின்றன என்று நமக்கு எப்படித் தெரியும்?"

அதைத் தமிழில் பாஸ்கருக்குச் சொன்னேன். 

"முயலு தோசைய யாரு மேடம் வாங்கப் போறாங்க?" என்றார்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். லூடர்ஸ் சிரித்தார். விதி மாறவில்லை.

3

அந்தச் சமயத்தில்தான் ஜோயல் தொலைபேசியில் கூப்பிட்டான். "அம்மா, இந்த மென்பொருளில் தமிழ் இல்லை. நகராட்சி கேட்கிறது. நீங்கள் எழுதித் தர முடியுமா? யார் வேண்டுமானாலும் எழுதலாம்."

அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு என்னிடம் தமிழ் பற்றி எதையும் கேட்டதில்லை. நான் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வான். என் ஜெர்மனில் பிழை இருந்தால் திருத்துவான். குடும்பச் செய்திக் குழுவில் நான் பத்தி பத்தியாக எழுதினால் அவன் ஒரு கட்டை விரல் போடுவான். அவன் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். உள்ளே வருக. ஒலியை நிறுத்து. கையை உயர்த்து. அழைத்தவர் உங்களை அனுமதிக்கும் வரை காத்திருக்கவும். சென்னையிலிருந்து முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் என்னோடு சண்டை போட்டார், "காத்திருக்கவும்" என்பது பழைய பாணியாம், "காத்திருங்கள்" என்று இருக்க வேண்டுமாம். சித்தூர் கலெக்டர் ஆபீசில் என் அப்பா எத்தனை முறை நின்றிருக்கிறார், அங்கே யாரும் "காத்திருங்கள்" என்று சொன்னதில்லை, "உண்டண்டி", அதாவது இருங்க, என்று தெலுங்கில்தான் அதட்டுவார்கள் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. காத்திருங்கள் என்றே போட்டேன்.

முதல் அழைப்புக்கு முன் பாஸ்கருக்கு வழி சொல்லித்தர என்னைச் சாதாரணத் தொலைபேசியில் பேசச் சொன்னார் லூடர்ஸ்.

"சுட்டியத் தொட்டா பக்கம் திறக்கும் பாஸ்கர். எல்லாம் தமிழ்லயே இருக்கும். படிச்சிக்கினே போங்க," என்றேன் பெருமையாக.



"மேடம், எனக்கு தமிழு படிக்க வராது," என்றார். "ஊட்ல பேசறது தமிழு. படிச்சது தெலுகு மீடியம். எங்க ஊர்ல பாதிப் பேரு அப்டித்தான். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். நான் படித்தது மிஷன் பள்ளியில், அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். கோப்பில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருந்ததால் அலுவலகம் தமிழ் கேட்டது, அலுவலகம் கேட்டதால் மகன் கேட்டான், மகன் கேட்டதால் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"பரவால்ல மேடம்," என்றார் பாஸ்கர். "பச்சைய தொட்டா உள்ள. செவப்ப தொட்டா வெளிய. அவ்ளோதானே."

4

அவருடைய கைபேசி பழையது. அந்த மென்பொருள் அதில் திறக்கவில்லை. முதல் வியாழன் அப்படியே போனது. கோப்பில் "தந்தை வரவில்லை" என்று ஏறியது. வந்தார், கதவுதான் திறக்கவில்லை என்று நான் சொன்னேன். அதற்கென்று படிவத்தில் இடம் இல்லை என்றார் லூடர்ஸ், நிஜமான வருத்தத்தோடு.

அடுத்த முறை லாட்ஜ் மேனேஜரைக் கெஞ்சி வரவேற்பறைக் கணினியில் உட்கார்ந்தார். படம் தெளிவாக வந்தது. அவருக்குப் பின்னால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பைகளோடு வந்து நின்று, "ரூம்ஸ் உன்னாயா?" என்று அறை இருக்கிறதா எனத் தெலுங்கில் கேட்டது. இவர் கையாட்டி ஓரமாக நிற்கச் சொன்னார். அந்தக் குடும்பம் எட்டித் திரையைப் பார்த்தது. மீனா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். வெளியாட்கள் குழந்தையைப் பார்த்தார்கள், தனியுரிமை காக்கப்படவில்லை என்று எழுதினார் லூடர்ஸ்.

அதற்கப்புறம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மடிக்கணினியை வாங்கிக்கொண்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் இல்லாத அறை. முகம் பாதிதான் தெரிந்தது.

மீனா ஜெர்மனில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவராகவே பேச வேண்டும், "அவள் கேட்கிறாள்" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதனால், "ஏன் இருட்டா இருக்குது? நீ ஜெயில்ல கீறியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஜெயிலு இல்ல கண்ணு. துணி வெக்கிற ரூமு. நீ இன்னா துன்ன?"

"நூடுல்ஸ்."

"நேத்து?"

"நூடுல்ஸ்."

தந்தையின் கேள்விகள் உணவைத் தாண்டுவதில்லை என்று அறிக்கையில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் வேறென்ன கேட்பார்கள் என்று நான் விளக்கப் பார்த்தேன். லூடர்ஸ் கேட்டுக்கொண்டார். கருத்துச் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல என்று நினைவூட்டினார். அதுவும் சரிதான்.

மீனாவின் தமிழ் கண்ணெதிரே கரைந்தது. குரல்செய்தி வந்துகொண்டிருந்த நாளில் அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். இப்போது மாதத்தில் இரண்டு வியாழன், அதிலும் என் வாய் வழியாக. வீட்டில் அவள் அம்மாவும் ஜெர்மன்தான் பேசினார், பள்ளியில் பிள்ளை பின்தங்கிவிடும் என்று ஆசிரியை சொன்னதால். ஜோயலுக்கும் அப்படி ஓர் ஆசிரியை இருந்தாள். நானும் கேட்டு நடந்தேன்.

ஒரு நாள் ஜோயலிடம் பொதுவாகக் கேட்டேன். "வெளியாள் ஒருத்தர் அதுல குரல்செய்தி அனுப்ப முடியாதா?"

"ஏன் முடியாது? எல்லாம் முடியும். ஒரு பொத்தான்தான். அலுவலகம் அதை அணைத்து வைக்கச் சொன்னது."

"நீ போட்டுவிடக் கூடாதா?"

"அம்மா, நிறுவிக்கொடுப்பது நாங்கள். எதைத் திறக்க வேண்டும் என்று சொல்வது அவர்கள். யாருக்காகக் கேட்கிறீர்கள்?"

யாருக்காக என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சும்மா கேட்டேன் என்றேன்.

5

இந்த ஜனவரியில் தம்பி மகள் கல்யாணத்துக்குச் சித்தூர் போனேன். கல்யாணம் முடிந்த மறுநாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். வழக்கில் இருக்கிற ஒருவரை மொழிபெயர்ப்பாளர் தனியாகச் சந்திக்கவே கூடாது. தெரிந்துதான் போனேன்.

பாஸ்கர் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம். வீடியோல ஓரமா பாதி மூஞ்சிதான் தெரியும். முழுசா இப்பதான் பாக்கறேன்," என்றார். "உக்காருங்க. மொதல்ல துன்னுங்க."

பொங்கலும் கத்திரிக்காய் கொத்சுவும் வைத்தார். நான் சாப்பிடும்வரை மீனா பேச்சையே எடுக்கவில்லை. பிறகு பழைய கைபேசியை எடுத்தார். திரையில் கீறல் விழுந்திருந்தது. சாதாரணச் செயலியில் அந்த நாளில் வந்த குரல்செய்திகள் அதில் அப்படியே இருந்தன. ஒன்றை அழுத்தினார். ஐந்து வயது மீனாவின் குரல். "இங்க பாரு, பனி பெய்யுது. நான் பனி துன்னேன். ஜில்லுனு கீது."

"நம்ம ஊரு மாதிரியே பேசறா இல்ல?" என்றார்.

"ஆமா."

"இப்ப கேட்டா வேற யாரோ மாதிரி கீது. கொரலு மாறிடுச்சா, இல்ல அந்த மெசினு அப்டி காட்டுதா?"

"வளர்ந்துட்டா பாஸ்கர்."

அவர் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "எனக்கு ஒரே ஒரு வார்த்த அவங்க பாஷையில கத்துக்குடுங்க மேடம். நடுவுல ஆளு இல்லாம நானே சொல்லணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

அங்கே இருந்தபோது அவர் கற்றது சமையலறை ஜெர்மன், வெங்காயமும் சீக்கிரமும். "உன்னைப் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம்" என்பதை ஜெர்மனில் சொல்லிக் காட்டினேன். அவர் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு தாளில் தெலுங்கு எழுத்தில் எழுதினேன். அவர் உரக்கப் படித்தார். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொண்டது. திருத்தினேன். திரும்பவும் ஒட்டியது. உள்ளே யாரோ, "பாஸ்கர், சாம்பார்," என்று கத்தினார்கள். அவர் எழுந்து போனார், போகும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

6

நான் திரும்பி வந்து முதல் வியாழன்.

திரை திறந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு விளக்கையும் கொண்டுவந்து வைத்திருந்தார். முகம் முழுதாகத் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதிக்கொடுத்த வாக்கியத்தைத் தாளைப் பார்க்காமல் சொன்னார். ஒரு சொல்லும் விடுபடவில்லை.

மீனா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்கிறார்?"

"அவர் ஜெர்மனில் சொல்கிறார்," என்றேன்.

"இது ஜெர்மன் இல்லை."

என் வேலை மொழிபெயர்ப்பது. ஜெர்மனை ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். "உன்னைப் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம் என்கிறார்." அவள், "ஓ," என்று சொல்லி பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். பாஸ்கர் என்னைப் பார்த்தார். "புரிஞ்சிதா அவளுக்கு?" என்றார். புரிந்தது என்றேன். அன்றைக்கு அழைப்பு முடியும்வரை அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

அதற்கடுத்த முறை லூடர்ஸ் அழைப்பைத் தொடங்கும் முன்பே சொன்னார். மீனாவுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. அவள் விருப்பத்தைக் கேட்பது அவளுடைய உரிமை. தந்தை முன்னிலையிலேயே கேட்பதுதான் நேர்மை.

அறை திறந்தது. விளக்கு இருந்தது, இஸ்திரிச் சட்டையும் இருந்தது. லூடர்ஸ் மீனாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "இந்த அழைப்புகள் இனியும் வேண்டும் என்று நினைக்கிறாயா?"

நான் அதைத் தமிழாக்க வாயெடுப்பதற்குள் மீனா திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "நைன்."

வேண்டாம் என்பதற்கு ஜெர்மனில் அந்த ஒரு சொல்தான். நகரியில் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல்லும் ஏறக்குறைய அதேதான். தமிழ் இருந்த நாளில் அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

பாஸ்கர் திரையை ஒட்டி முன்னால் வந்தார். "நைனாதான் கண்ணு," என்றார். "நைனாதான். சொல்லு."

லூடர்ஸ் என்னைப் பார்த்தார். மீனாவும் பார்த்தாள். "வியாழக்கிழமை நீச்சல் வகுப்பு இருக்கிறது. என் தோழிகள் எல்லாரும் போகிறார்கள். இங்கே சலிப்பாக இருக்கிறது," என்று சேர்த்துக்கொண்டாள், நல்ல பிள்ளையாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு இடைவெளி விட்டு.

நான் அவளாகப் பேசினேன். சித்தூர்த் தமிழில், அவருக்குப் புரியும்படி. "எனக்கு இது வேணாம். வியாழக்கெழம எனக்கு நீச்சல் கிளாசு கீது. என் ஃபிரண்ட்சுங்க எல்லாம் போறாங்க. இங்க எனக்கு போரு அடிக்குது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மீனாவை அல்ல. "அவ நைனானு கூப்ட்டாளே மேடம்."

"அது அவங்க பாஷையில வேணாம்னு அர்த்தம்."

எங்களுக்குள் என்ன பேச்சு என்று லூடர்ஸ் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். கேட்டு முடித்ததும் மீனா சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை. இரண்டு சொல் ஒரே மாதிரி இருப்பது ஒன்பது வயதில் வேடிக்கையாகத்தானே இருக்கும்.

அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். "நீச்சலு நல்லதுதாம்மா," என்றார். "நல்லா கத்துக்கோ. தண்ணி ஆழம் பாத்து எறங்கு."

அதை ஜெர்மனில் சொன்னேன். மீனா கையசைத்தாள். லூடர்ஸ் அறையை மூடினார்.

பிறகு மேசையை ஒழுங்கு செய்தபடி, "இன்றைக்குப் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, கவனித்தீர்களா?" என்றார். "உங்கள் மகனிடம் சொல்லுங்கள்."

7

இரண்டு வாரம் கழித்து லூடர்ஸ் கூப்பிட்டார். வியாழன் மாலை அந்த அறைக்கு வெளியே ஒருவர் காத்திருப்பதாகக் கணினி அறிவிப்புக் காட்டுகிறதாம். பாஸ்கர் என்ற பெயர். சுட்டியை அழிக்க மறந்துவிட்டார்கள். அழித்துவிடுவோம், அதற்கு முன் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார்.

சாதாரணத் தொலைபேசியில் பேசினேன்.

"தெரியும் மேடம்," என்றார் பாஸ்கர். "உள்ள வுட மாட்டாங்கன்னு தெரியும். அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கல. எம் பேரு அங்க தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"அது போதும். இனிமே வரல."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "அவ நீச்சலு கத்துக்கினாள்னா ஒரு வார்த்த சொல்வீங்களா மேடம்?"

"சொல்லக் கூடாது பாஸ்கர். வழக்க மூடிட்டாங்க. இனி அவளப் பத்தி நான் உங்ககிட்ட எதுவும் பேசக் கூடாது."

"சரி மேடம்," என்றார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

கேக் வெட்டிய அன்று வீடு திரும்ப டிராம் நிறுத்தத்தில் நின்றேன். எதிரில் இரண்டு சிறுமிகள், ஈரத் தலையோடு, தோளில் நீச்சல் பை. ஒருத்தி மீனா. பையில் நீச்சல் தேர்வில் தேறியவர்களுக்குத் தரும் துணிச் சின்னம் தைத்திருந்தது. என்னைக் கண்டதும் மரியாதையாக வணக்கம் சொன்னாள், ஜெர்மனில்.

"யார் அது?" என்று கேட்டாள் மற்றவள்.

"ஆபீசில் பார்த்திருக்கிறேன்," என்றாள் மீனா. "இந்தியாவில் இருக்கிற ஒரு ஆளுக்காகப் பேசுவார்."